படத்துக்கு விளக்கம் வேண்டாம்

இரும்புக் கதவு முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டபோது ஊசிக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். கதவின் உள்பக்கம் கைப்பிடி இல்லை. கைப்பிடி இருந்த இடத்தில் திருகு ஓட்டைகள் மட்டும் அவனைப் பார்த்து முழித்தன. ஒரு தடவை தள்ளிப் பார்த்தான். தோளைக் கொடுத்து ஓர் இடி இடித்தும் பார்த்தான். தோள்தான் வலித்தது.

“மேடம், இந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது.”

“பார்த்தேன்.”

“எப்போ பார்த்தீங்க?”

“உள்ளே வர்றதுக்கு முன்னாடி.”

ஊசி என்பது ஒல்லியாக இருப்பதால் வந்த பேர் என்று அவன் சொல்லிக்கொள்வான். ஆளைப் பார்த்து வைத்தது இல்லை, அவன் வாயைக் கேட்டு வைத்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். மேடத்துக்கு இரண்டிலும் அபிப்பிராயம் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைப் பிடித்துக் கொடுத்தே தலை நரைத்தவர், அந்த வேலையை விட்டு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டபோது, கூட மாட ஓடுவதற்கு இவனைச் சேர்த்துக்கொண்டார். வேலையைவிட வாய்தான் அதிகம் ஓடுகிறது என்பது அவருடைய ஒரே குறை.

ஒரு காலத்தில் ஐஸ் கட்டிகளை அடுக்கிவைத்த அறை அது. ஜன்னல் என்ற பேச்சே இல்லை. சுவர் முழுக்கத் தகரம், தகரத்துக்குப் பின்னால் குளிர் போகாமல் இருக்கத் திணித்த பஞ்சு. ஒரு டியூப் லைட், ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர், மூலையில் மடக்குக் கட்டில், கட்டிலுக்கு அடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. அந்த வாளி எதற்கு என்று புரிந்ததும் ஊசி பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன் எழுந்திருக்கக்கூட இல்லை. தாடி கண்டபடி வளர்ந்திருந்தது. இவர்கள் தேடி வந்த ஆள் அவன்தான், வெப்சைட் டிசைனர். போட்டோவில் பார்த்ததில் பாதிதான் மிச்சமிருந்தான்.

“பாப்பா அனுப்பினாளா உங்களை?” என்றான். “அவ எங்கே? அவளைக் கூட்டிட்டு வரலையே?”

“தெருமுனையில டாக்ஸியில உட்கார்ந்திருக்கா” என்றார் மேடம்.

அவன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தப்பிக்க வழி கிடைத்தது என்று சந்தோஷப்பட வேண்டியவன் இப்படி உடைந்துபோனதைப் பார்த்ததும்தான் ஊசி அந்தக் கதவை மறுபடியும் திரும்பிப் பார்த்தான்.

பாப்பா என்பது இவனுடைய தங்கை. ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. காலையில் வெள்ளைக் குச்சியைத் தட்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தவள், தன் செல்போனை மேஜைமேல் வைத்து, “இதைக் கேளுங்க” என்றாள். திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் அந்த போன் வாய்விட்டு வாசிக்கும். வெப்சைட்டில் ஒரு படம் வந்தால் ‘படம்’ என்று சொல்லிவிட்டு, அதற்கு டிசைனர் எழுதிவைத்த விளக்கத்தைப் படிக்கும். அந்த விளக்கம் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சங்கதி. பார்வை உள்ளவர்கள் கண்ணில் படவே படாது.

போன் ஓர் அறக்கட்டளையின் வெப்சைட்டை வாசித்தது. பார்வையற்ற குழந்தைகளுக்காக நன்கொடை கேட்கும் வெப்சைட். சிரிக்கிற குழந்தையின் படம் ஒன்று. அதற்கு போன் படித்த விளக்கம் இது: ‘என்னைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இந்த அறக்கட்டளை பொய். என் தங்கையிடம் சொல்லுங்கள்.’ கூடவே அவளுடைய நம்பர். உதவி கேட்கலாம் என்று அந்த வெப்சைட்டுக்குப் போன அவளுடைய தோழி, அவளும் பார்வை இல்லாதவள், இதைக் கேட்டு அதிர்ந்துபோய்க் கூப்பிட்டிருக்கிறாள். அடுத்த படத்தில் ‘ஜன்னல் இல்லை’ என்று இருந்தது. அதற்கடுத்ததில் ‘கதவு திறந்தால் கண்ணாடி அறுக்கிற சத்தம்’ என்று இருந்தது. கடைசிப் படத்தில் முழு விலாசமும் இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார்கள். இன்ஸ்பெக்டர் அந்த வெப்சைட்டைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, “குழந்தை சிரிக்குது. அவ்வளவுதானேம்மா” என்று அவரும் சிரித்தார். அதற்குள் பழைய விளக்கங்களை யாரோ அழித்துவிட்டிருந்தார்கள். விலாசம் மட்டும் அழியாமல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணாடிக் கடைகளுக்கு நடுவே இருந்த இந்தப் பழைய ஐஸ் கிடங்குக்கு வந்தார்கள். நன்கொடை தர வந்தவர்கள் மாதிரி நடித்து, ‘கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள போன் கூடாது’ என்ற மரியாதையான வேண்டுகோளுக்கு இணங்கி, இருவருடைய போனையும் வெளியே ஒரு தட்டில் வைத்துவிட்டு, தாங்களாகவே நடந்து உள்ளே வந்தார்கள்.

“அந்த விலாசம் நான் எழுதினது இல்லை” என்றான் டிசைனர். “எனக்கு இது எந்தத் தெருன்னே தெரியாது. கண்ணைக் கட்டிக் கூட்டிட்டு வந்தாங்க. நான் எழுதறதை இந்த அறக்கட்டளையை நடத்தற ஆள் கண்டுபிடிச்சுட்டாரு. யார் கேக்கறாங்கன்னு பார்க்க அவரே எழுதிப் போட்டாரு.”

“தெரியும்” என்றார் மேடம்.

ஊசி அவரைத் திரும்பிப் பார்த்தான். “தெரியுமா?”

“நீ முன்னாடி இறங்கித் தெருவைப் பார்க்கப் போனியே, அப்போ அந்தப் பொண்ணு சொன்னா. கடைசிப் படத்துல மட்டும் மெஷின் ‘படம், படத்தில் உள்ள முகவரி’ன்னு படிக்குதாம். படம்னு மெஷினே சொல்லும். அதனால விளக்கம் எழுதறவங்க திரும்ப அந்த வார்த்தையை எழுத மாட்டாங்க. காதால கேட்டுப் பழகாத ஆளுதான் அப்படி எழுதுவான். எங்கண்ணன் செத்தாலும் அப்படி எழுத மாட்டான்னா.”

டிசைனர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. “அப்படியா சொன்னா?”

“சரி, பொறின்னு தெரிஞ்சே என்னையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க” என்றான் ஊசி. “எலிக்கு சம்பளம் போட்டுக் கூட்டிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான் மேடம்.”

“காலையில ஸ்டேஷன்ல என்ன ஆச்சு? ஆதாரம் இல்லைன்னு சிரிச்சாங்க. இப்போ ரெண்டு பேர் ஒரு வாசல் வழியா உள்ளே போய் வெளியே வரலை. அதுக்குப் பேர் ஆதாரம். அரைமணி நேரத்துல நாம வரலைன்னா டாக்ஸியை நேரா ஸ்டேஷனுக்கு விடச் சொல்லியிருக்கேன்.”

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டிசைனர் தலையை ஆட்டினான். “அவ்வளவு நேரம் அவர் சும்மா இருக்க மாட்டாரு மேடம். அவருக்கு வேண்டியது நீங்க இல்லை. விளக்கத்தைக் கேட்டுக் கண்டுபிடிச்ச அவதான்.”

அவன் கதை சின்னது. நல்ல காரியம் என்று நம்பி வெப்சைட் செய்து கொடுக்க வந்தான். குழந்தைகளும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை என்று தெரிந்ததும் வேண்டாம் என்று கிளம்பினான். கிளம்ப விடவில்லை. ஒரு வெப்சைட்டை மூடியதும் வேறு பேரில் இன்னொன்று வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். அந்த வெப்சைட்டைத் தவிர வேறு எதுவும் திறக்காதபடி கம்ப்யூட்டரைக் கட்டிப்போட்டு, இவனை அதன் முன்னால் உட்காரவைத்துவிட்டார் அறக்கட்டளையின் நிறுவனர்.

“இது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். உலகம் பூரா இருக்கிறவங்க சேர்ந்து செஞ்சு, யார் வேணா எடுத்துக்கோன்னு வெச்சிருக்காங்க. ஓசின்னு கேட்டதும் அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு” என்றான். “இதுல ஆளுக்கு ஆள் அதிகாரம் பிரிச்சுக் குடுக்கலாம். நான் எழுதலாம், படம் ஏத்தலாம். வெளியிடற பட்டன் அவர்கிட்டதான். அவர் பார்த்து அமுக்கினாதான் வெளியே தெரியும்.”

“மென்பொருள் ஓப்பன், கதவு மட்டும் க்ளோஸ்” என்றான் ஊசி. யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

கதவின் நடுவில் இருந்த சின்னக் கதவு திறந்தது. ஒரு முகம் மட்டும் தெரியும் அளவு ஓட்டை. அதில் நிறுவனரின் முகம் வந்து நின்றது. கண்ணாடி அறுக்கும் சத்தமும் கூடவே வந்து பல் கூசவைத்தது.

“உங்களுக்குச் சிரமம் குடுக்கறதுக்கு மன்னிக்கணும்” என்றார். திருடன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அப்படியொரு குழைவு. “தம்பி, இன்னிக்குப் பெரிய இடத்துலேர்ந்து ஒருத்தர் நம்ம வெப்சைட்டைப் பார்க்கப் போறாரு. புது வார்டு படத்தை முதல் பக்கத்துல போட்டுடுங்க. அந்த விளக்கம் எழுதற பெட்டி காலியா இருக்கணும். ஒரு எழுத்து இருந்தாலும் எனக்குக் கோபம் வரும். இனிமே நம்ம வெப்சைட்ல எந்தப் படத்துக்கும் விளக்கம் வேண்டாம்.”

“சரி சார்” என்றான் டிசைனர்.

“கண்ணு தெரியாதவங்களுக்காக வசூல் பண்றோம். கண்ணு தெரியாதவங்களே வந்து பார்ப்பாங்கன்னு நான் நினைக்கலை. என் தப்புதான்.” அவர் சிரித்துவிட்டுப் போனார். காற்று வரட்டும் என்று அந்தச் சின்னக் கதவைத் திறந்தபடியே விட்டார்.

டிசைனர் திரும்பி உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தான். ஊசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னங்க, சொன்ன வேலையை அப்படியே செய்யறீங்க? ஏதாவது எழுதுங்க. பக்கத்துக்குக் கீழே, ஓரமா, எங்கேயாவது.”

“எழுத்தா எங்கே இருந்தாலும் அவர் பார்ப்பாரு. வரி வரியாப் படிப்பாரு.”

“அப்போ விளக்கத்துல எழுதுங்க.”

“பெட்டி காலியாதான் இருக்கும்.”

“உங்க தங்கச்சி வெளியே உட்கார்ந்திருக்காங்க. நீங்க சரி சார், சரி சார்ங்கறீங்க.”

அவன் கை மட்டும் வேலை செய்தது. படத்தை எடுத்தான், அதில் என்னவோ தட்டினான், ஏற்றினான், பக்கத்தின் நெற்றியில் உட்காரவைத்தான். தொட்டால் பெரிதாகும்படி ஏதோ செய்தான். விளக்கப் பெட்டியை வெறுமனே விட்டான். மேடம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“மேடம்” என்றான் டிசைனர், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “பாப்பா டாக்ஸியில என்ன பண்ணிட்டிருந்தா?”

“அந்த வெப்சைட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து கேட்டுக்கிட்டிருந்தா. உங்க குரலை வேற எங்கேயும் கேக்க முடியலைன்னா.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒப்புதலுக்கு அனுப்பும் பட்டனை அழுத்தினான்.

நிறுவனர் தன் போனைப் பார்த்தபடியே வந்தார். ஓட்டைக்கு முன்னால் நின்று பக்கத்தை மேலிருந்து கீழே வரி வரியாகப் படித்தார். விளக்கப் பெட்டியைத் திறந்து பார்த்தார். “காலியா இருக்கு. நல்ல பிள்ளை” என்றார். அவர்கள் கண்ணெதிரிலேயே கட்டை விரலால் வெளியிடும் பட்டனை அமுக்கினார். இருந்த ஒரே வழியையும் அந்த ஆள் சிரித்துக்கொண்டே அடைத்துவிட்டார்.

அடுத்து அவர் இன்னொரு போனை எடுத்தார். அது மேடத்துடையது.

“தெருமுனை டாக்ஸியில குச்சியோட ஒரு பொண்ணு இருக்கறதைப் பார்த்தேன், அவளைக் கூப்பிடணும். கொஞ்சம் இப்படிப் பாருங்கம்மா.”

போனை ஓட்டை வழியாக மேடத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். முகத்தைப் பார்த்தால் திறந்துகொள்ளும் போன் அது. மேடம் திரும்பிக்கொள்வார், கண்ணை மூடிக்கொள்வார், குறைந்தது துப்பவாவது செய்வார் என்று ஊசி எதிர்பார்த்தான். மேடம் ஆடாமல் அசையாமல் நேராகப் பார்த்தார். போட்டோவுக்கு நிற்கிற மாதிரி மூக்குக்கண்ணாடியைக்கூடச் சரிசெய்துகொண்டார். போன் அவரை அடையாளம் கண்டு திறந்துகொண்டது.

நிறுவனர் தட்டிக்கொண்டே வாசித்தார். “உன் அண்ணன் கிடைச்சாச்சு. உடனே பின்வாசலுக்கு வா.” அனுப்பினார். பதில் வர அதிக நேரம் ஆகவில்லை. அதையும் வாசித்துக் காட்டினார். “வர்றேன்.”

மெசேஜை யார் எழுதினாலும் அவளுக்கு அதே மெஷின் குரல்தான். மேடத்தின் நம்பரிலிருந்து வந்தால் மேடம் பேசியதாகத்தான் நம்புவாள். நிறுவனர் நகர்ந்ததும் ஊசி வெடித்தான்.

“முகத்தைத் திருப்பியிருக்கலாமே மேடம். ஏன் காட்டினீங்க?”

“அவ வரணும்” என்றார் மேடம்.

“வந்து? நாலாவது ஆளா இந்தக் கட்டில்ல உட்காரணுமா? எனக்கு விளையாட்டுப் பேச்சு ஜாஸ்தின்னு திட்டுவீங்க. இப்போ நான் விளையாடலை. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உங்ககூட வேலை செய்ய மாட்டேன்.”

மேடம் திட்டவில்லை. “வாயை மூடிக்கிட்டு காதைத் திறந்து வை” என்று மட்டும் சொன்னார்.

கால்மணி நேரம் போல ஆன பிறகு கண்ணாடி அறுக்கும் சத்தம் திடீரென்று நின்றது. அது நின்ற இடத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. சிமென்ட் தரையில் குச்சி தட்டும் சத்தம். நிதானமாக, கொஞ்சமும் தயங்காமல் வந்தது. நிறுவனர் எதிர்கொண்டு போய், “வாம்மா, வா, பார்த்து. உங்கண்ணன் இங்கேதான் இருக்கான்” என்று பாசமாகப் பேசுவதும் கேட்டது.

“வராதீங்க” என்று ஊசி ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினான். “திரும்பிப் போயிடுங்க.”

டிசைனர் கத்தவில்லை. எழுந்து வந்து கதவுக்கு முன்னால் நின்றான்.

தாழ் விலகியது. இரும்புக் கதவு திறந்தது. திறந்தது நிறுவனர்தான், ஆனால் அவர் முகத்தில் குழைவு இல்லை, ரத்தமும் இல்லை. அவருடைய சட்டைக் காலரை ஒரு கை கொத்தாகப் பிடித்திருந்தது. காலையில் சிரித்த அதே இன்ஸ்பெக்டரின் கை. அவருக்குப் பின்னால் கான்ஸ்டபிள்கள். எல்லோருக்கும் முன்னால் வெள்ளைக் குச்சியுடன் அவள்.

“மேடம் போனை அவர் பையிலேர்ந்து எடுங்க சார்” என்றாள் அமைதியாக. “என்னைக் கூப்பிட்ட மெசேஜ் அதுல இருக்கும்.”

“இருக்கு” என்றார் மேடம். “அவர் என் முகத்தைக் காட்டித் திறந்ததுக்கு ரெண்டு சாட்சியும் இருக்காங்க.”

அப்போதுதான் ஊசிக்கு உறைத்தது. “நம்ம கையில இருந்ததே காலிப் பெட்டி. உங்களுக்கு யாரு சொன்னது?”

“அண்ணன்தான்.” ஊசியின் குரல் வந்த பக்கம் அவள் திரும்பினாள். “பெரிசாகற மாதிரி படத்தைப் போட்டு, விளக்கம் எழுதாம விட்டா, மெஷின் சும்மா இருக்காது. படிக்க ஒண்ணும் இல்லைன்னு அந்த ஃபைலோட பேரை எடுத்துப் படிச்சுடும். அரைகுறையா வேலை பண்றவங்க வெப்சைட்ல எங்களுக்கு இதே தொல்லைதான். படம் ஒண்ணு, படம் ரெண்டுன்னு கண்டதையும் படிக்கும். எங்கண்ணன் ஒரு நாளும் அப்படி விட்டதில்லை. இன்னிக்கு விட்டிருந்தான்.”

“என்ன பேரு வெச்சிருந்தார்?”

“யார் கூப்பிட்டாலும் தனியா வராதே, போலீஸோட வா, பாப்பா.” அவள் லேசாகச் சிரித்தாள். “இங்கிலீஷ் எழுத்துல தமிழ். மெஷின் கொன்னிக் கொன்னிதான் படிச்சுது. ஆனா அது எங்கண்ணன்தான். டாக்ஸியை ஸ்டேஷனுக்கு விட்டுக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் சாரும் இந்தத் தடவை கண்ணாலயே படிச்சாரு. படத்தைத் தொட்டா மேலே அந்த ஃபைல் பேர் வருமே.”

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நிறுவனரை வெளியே தள்ளிக்கொண்டு போனார். எந்தப் படத்துக்கும் விளக்கம் வேண்டாம் என்று உத்தரவு போட்டவரும் அந்த நிறுவனர்தான், அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுப் பட்டனை அமுக்கியவரும் அவர்தான். ஊசி இதைச் சொல்லிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தான். டிசைனர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

தங்கை குச்சியை நீட்டி வாசற்படியைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே வரக் காலைத் தூக்கினாள். எந்தப் புது இடத்துக்குப் போனாலும் அண்ணன் முதலில் அவளுக்கு அந்த இடத்தைச் சொல்லுவான் என்பதைக் காலையிலேயே அவள் மேடத்திடம் சொல்லியிருந்தாள். சுவர் என்ன நிறம், வெளிச்சம் எந்தப் பக்கம், நாற்காலி எங்கே, எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் உட்காரச் சொல்லுவானாம்.

“அண்ணா” என்றாள். “இந்த ரூம் எப்படி இருக்கு?”

டிசைனர் திரும்பிப் பார்த்தான். தகரச் சுவரை, மடக்குக் கட்டிலை, அதற்கடியில் இருந்த வாளியை. அப்புறம் வாசலுக்கு வந்து, அவள் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

“இதுக்கு விளக்கம் வேண்டாம் பாப்பா” என்றான். “வா, தெருவுக்குப் போய் அது எப்படி இருக்குன்னு சொல்றேன்.”